எல்லாத் திசையும் வேண்டாம், ஒரே ஒரு திசை போதும்

பிரிட்டனில் வீட்டுப் பரணில் எஃப்.எம். ஆன்டெனா மாட்ட நினைக்கிறவர் கையில் பெரும்பாலும் வந்து சேர்வது ஓர் அலுமினிய வளையம். அரை மீட்டர் அகலத்துக்கு வட்டமாக வளைத்த குழாய், ஓர் இடத்தில் கேபிள் சேர்க்க ஒரு கருப்பு டப்பா, அவ்வளவுதான். "எல்லாத் திசையிலிருந்தும் வாங்கும், திருப்ப வேண்டாம், மாட்டினால் போதும்" என்பதுதான் அதன் விளம்பரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பரணுக்குள் வைப்பதற்கு இதைவிடப் பொருத்தமில்லாத ஆன்டெனாவைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

பரண் என்றதும் சமையலறையில் அண்டா குண்டா ஏற்றி வைக்கும் சிமெண்ட் பலகையை நினைக்க வேண்டாம். இங்கே பேச்சு பிரிட்டிஷ் வீட்டின் 'லாஃப்ட்' பற்றி. சரிந்த ஓட்டுக் கூரைக்கும் மேல்மாடி சீலிங்குக்கும் நடுவே இருக்கும் முக்கோண இடம். ஏணி வைத்து ஏற வேண்டும். பழைய சூட்கேஸ், கிறிஸ்துமஸ் மரம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அங்கேதான். கூரைக்கு வெளியே ஆன்டெனா வைக்க வாடகை வீட்டில் அனுமதி கிடைக்காது, ஆள் வைத்து ஏற்றினால் செலவு, காற்றும் மழையும் வேறு. அதனால் பரண் ஒரு நல்ல நடுவழி. அந்த நல்ல இடத்தில் தப்பான பொருளை வைத்துவிட்டு, "எஃப்.எம். என்றாலே இரைச்சல்தான்" என்று முடிவு கட்டுகிறார்களே, சண்டை அதோடுதான்.

வளையம் ஏன் விற்கிறது?

விற்கிறவருக்கு வசதி, அதனால்தான். திசை உள்ள ஆன்டெனாவை விற்றால் "எந்தப் பக்கம் திருப்புவது?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல வாங்குபவரின் ஊர் தெரிய வேண்டும், டிரான்ஸ்மிட்டர் எங்கே என்று தெரிய வேண்டும், கொஞ்சம் மெனக்கெட வேண்டும். வளையத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஒரே பெட்டியை இங்கிலாந்தின் எந்த மூலைக்கும் அனுப்பிவிடலாம். மாட்டித் தர வருகிறவருக்கும் அதே நிம்மதி. ஒரு திருகு முடுக்கிவிட்டு இறங்கிவிடலாம். வாங்குபவர் மட்டும் பல வருஷம் உட்கார்ந்து அந்த இரைச்சலைக் கேட்க வேண்டும்!

கொஞ்சம் கணக்கு

எஃப்.எம். ஒலிபரப்பு 87.5-லிருந்து 108 மெகாஹெர்ட்ஸ் வரை. நடுவில் 98 என்று வைத்துக்கொண்டால் அலைநீளம் சுமார் 3 மீட்டர். அதில் பாதி ஒன்றரை மீட்டர். கம்பியில் மின்னோட்டம் நடந்துகொள்ளும் விதத்தால் கொஞ்சம் கழித்து, 1.45 மீட்டர் நீளக் கம்பியை நடுவில் வெட்டி, இரண்டு முனையையும் கேபிளில் சேர்த்தால் அதுதான் அரை அலை டைபோல். ஆன்டெனா உலகத்தின் அளவுகோல் இது. மற்ற ஆன்டெனாக்கள் நல்லதா கெட்டதா என்று இதோடு ஒப்பிட்டுத்தான் சொல்வார்கள்.

டைபோலுக்கு ஒரு குணம் உண்டு. தன் நீளத்துக்குக் குறுக்காக, அதாவது முன்னும் பின்னும் நன்றாகக் கேட்கும். கம்பியின் இரு முனைகள் பார்க்கும் பக்கம் கிட்டத்தட்ட செவிடு. மேலிருந்து படம் போட்டால் 8 மாதிரி இருக்கும்.

அதே டைபோலை வட்டமாக வளைத்தால் வளையம் கிடைக்கிறது. செவிட்டுப் பக்கம் போய்விடும், உண்மைதான். ஆனால் எல்லாப் பக்கமும் பங்கு போட்டதால் நல்ல பக்கத்தில் கேட்கும் திறனும் குறைந்துவிடும். டைபோலை விடச் சுமார் 3 டெசிபெல் குறைவு, அதாவது சிக்னல் சக்தியில் ஏறக்குறைய பாதி போச்சு. கூரை ஓடும் சுவரும் ஏற்கெனவே தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு, மிச்சம் இருப்பதில் பாதியைக் காசு கொடுத்துத் தொலைப்பதுதான் இந்த வளையம்.

மறுபக்கம் பாருங்கள். டைபோலுக்குப் பின்னால் கொஞ்சம் நீளமான ஒரு கம்பி, முன்னால் கொஞ்சம் குட்டையான ஒரு கம்பி. மொத்தம் மூன்றே கம்பி. இதுதான் மூன்று கம்பி யாகி. டைபோலை விடச் சுமார் 5 டெசிபெல் கூடுதல். வளையத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 8 டெசிபெல், அதாவது ஆறு மடங்கு சக்தி. எந்தக் கரண்டும் இல்லாமல், மூன்று அலுமினியக் குழாயை சரியான இடைவெளியில் வைத்ததால் மட்டுமே கிடைப்பது இது.

இந்த ஆன்டெனாவுக்கு ஒரு சுவையான சரித்திரம் உண்டு. ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் 1926 வாக்கில் இதைக் கண்டுபிடித்தவர்கள் ஷின்டாரோ உடாவும் ஹிதேட்சுகு யாகியும். உழைப்பில் பெரும்பங்கு உடாவுடையது, பெயர் நிலைத்தது யாகிக்கு. 1942-ல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பான் ராணுவத்தினர், பிரிட்டிஷ் ரேடார் குறிப்புகளில் 'யாகி' என்ற வார்த்தையைப் பார்த்து அர்த்தம் புரியாமல் விழித்தார்கள் என்றும், அது ஜப்பானியப் பேராசிரியர் ஒருவரின் பெயர் என்று பிரிட்டிஷ் கைதி ஒருவர்தான் அவர்களுக்குச் சொன்னார் என்றும் ஒரு கதை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது. கண்டுபிடித்த நாடே கண்டுகொள்ளாத பொருள் அது. அதே ஆன்டெனா இன்றைக்கும் கடைகளில் கேட்பாரற்றுக் கிடக்கிறது, பக்கத்தில் வளையம் வியாபாரம் ஆகிறது :-)

எல்லாத் திசையிலிருந்தும் எதைக் கேட்கப் போகிறார்கள்?

வளையத்தை ஆதரிப்பவர்களின் முதல் வாதம் இது: "பல ஸ்டேஷன் கேட்க வேண்டுமே, ஒரே பக்கம் திருப்பி வைத்தால் மற்றது போய்விடாதா?"

கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் நிற்காது. பி.பி.சி. தன் பெரிய தேசிய சேவைகளுக்கு நான்கு தனித்தனி கோபுரம் கட்டவில்லை. ரேடியோ 1, 2, 3, 4 நான்கும் ஒரே இடத்திலிருந்துதான் வரும். தென்கிழக்கு இங்கிலாந்துக்கு கென்ட் பகுதியில் இருக்கும் ராட்டம் கோபுரம். பி.பி.சி.யின் எஃப்.எம். சேவை 1955 மே 2-ல் முதன்முதலாகத் தொடங்கியதே அங்கிருந்துதான். மத்திய இங்கிலாந்துக்கு சட்டன் கோல்ட்ஃபீல்ட். வடக்கே பென்னைன் மலைமேல் ஹோம் மாஸ். அந்தந்தப் பகுதியில் ஒரு கோபுரத்தைப் பார்த்தால் நான்கு சேவையும் வந்துவிடும்.

ஓர் உண்மையான ஊரை வைத்துப் பார்க்கலாம். லண்டனின் வடமேற்கில் ஹாரோ. தமிழர்கள் நிறையப் பேர் வாழும் இடம். அங்கிருந்து ராட்டம் கோபுரம் தென்கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர். சரி, லண்டன் உள்ளூர் ஸ்டேஷன்கள்? 95.8-ல் வரும் கேபிடல், 97.3-ல் வரும் எல்.பி.சி. இரண்டும் கிராய்டன் கோபுரத்திலிருந்து. ஹாரோவிலிருந்து அதுவும் தென்கிழக்கேதான், சுமார் 26 கிலோமீட்டர். 94.9-ல் வரும் பி.பி.சி. லண்டன் சேவைக்கு கிரிஸ்டல் பேலஸ் கோபுரம். அது கிராய்டன் கோபுரத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. இந்த மூன்று கோபுரங்களும் ஹாரோ வீட்டுப் பரணிலிருந்து பார்த்தால் 15 டிகிரிக்குள் அடங்கிவிடும். மூன்று கம்பி யாகியின் பார்வையோ 60 டிகிரிக்கு மேல் அகலம். ஒரு தடவை தென்கிழக்கே திருப்பி வைத்தால் ராட்டமும் வரும், கிராய்டனும் வரும், கிரிஸ்டல் பேலஸும் வரும்.

மீதி 300 டிகிரியிலிருந்து வளையம் எதை வாங்கித் தருகிறது? பக்கத்து வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி, மாடிக் கட்டடங்களில் மோதி வரும் எதிரொலி, பக்கத்து அலைவரிசையில் வரும் வெளியூர் ஸ்டேஷன், தெருவில் ஓடும் மோட்டாரின் இரைச்சல். இதைத்தான் "எல்லாத் திசையிலிருந்தும்" என்று விளம்பரம் பெருமையாகச் சொல்கிறது.

உண்மையான திருடன் எதிரொலி

எஃப்.எம். கேட்கிறவர்களில் பலர் சிக்னல் மீட்டரை மட்டும் பார்ப்பார்கள். முள் முழுசாகப் போனால் திருப்தி. அப்படி இருந்தும் பியானோ உடைந்த மாதிரி கேட்கிறது, செய்தி வாசிப்பவரின் 'ச', 'ஷ' எல்லாம் தகரத்தைக் கீறுவது போல் வருகிறது. உடனே ட்யூனர் மேல் பழி, ஸ்பீக்கர் மேல் பழி, பி.பி.சி. மேல் பழி.

நடப்பது வேறு. ஒரே சிக்னல் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று நேராக, மற்றொன்று மலையிலோ கட்டடத்திலோ பட்டு, தாமதமாக. எதிரொலி 3 கிலோமீட்டர் சுற்றி வந்தால் 10 மைக்ரோ விநாடி தாமதம். சின்னத் தாமதம்தான், ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று மோதி அலையின் கட்டத்தைக் குலைத்துவிடும். எஃப்.எம்.-இல் தகவல் முழுக்க அலையின் அதிர்வெண் மாற்றத்தில்தான் இருக்கிறது என்பதால் அந்தக் குலைவு நேராக ஒலிக்குள் வந்துவிடும். மீட்டருக்கு இது தெரியாது. அது அளவைத்தான் காட்டும், சுத்தத்தைக் காட்டாது.

ஸ்டீரியோவில் நிலைமை இன்னும் மோசம். இடது வலது வித்தியாசத்தை 38 கிலோஹெர்ட்ஸ் துணை அலையில் ஏற்றி அனுப்புகிறார்கள். இரைச்சலும் எதிரொலியும் முதலில் கடிப்பது அந்த மேல் பகுதியைத்தான். மோனோவில் சுத்தமாகக் கேட்கும் ஸ்டேஷனை அதே சுத்தத்தோடு ஸ்டீரியோவில் கேட்க சுமார் 20 டெசிபெல், அதாவது 100 மடங்கு கூடுதல் சிக்னல் வேண்டியிருக்கும். பரணில் ஒவ்வொரு டெசிபெலுக்கும் இவ்வளவு மல்லுக்கட்டுவது இதனால்தான்.

எதிரொலிக்கு மருந்து ஒன்றுதான்: அது வரும் பக்கத்தைக் கேட்காமல் இருப்பது. யாகி பின்பக்கத்தை நன்றாக அடக்கிவிடும். சாதாரண டைபோல் கூட, கொஞ்சம் திருப்பி அதன் செவிட்டு முனையை எதிரொலி வரும் பக்கம் காட்டினால் ஆச்சரியமான வேலை செய்யும். வளையத்துக்குக் காட்டுவதற்கு செவிட்டு முனையே கிடையாது. எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1933-ல் காப்புரிமை வாங்கி, வழக்குகளோடு போராடி, 1954-ல் இறந்துபோனது வரை இந்த எஃப்.எம்.-ஐத் தூக்கிப் பிடித்ததே இரைச்சல் இல்லாத ரேடியோவுக்காக. அவர் ஒழித்ததை ஒரு வளையம் மறுபடியும் வீட்டுக்குள் கொண்டுவந்து விடுகிறது.

பூஸ்டர் என்னும் பீலா

வளையம் சரியாக எடுக்கவில்லை என்று திரும்பிப் போனால் கடையில் அடுத்து நீட்டுவது பூஸ்டர். "20 டெசிபெல் கெயின்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும்.

பூஸ்டருக்குப் பாட்டும் இரைச்சலும் வேறு வேறு என்று தெரியாது. இரண்டையும் சேர்த்தே பெருக்கும், கூடவே தன் சொந்த இரைச்சலையும் கொஞ்சம் சேர்க்கும். எதிரொலியையும் பெருக்கும். ஆன்டெனாவில் நுழையும்போது சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் இருந்த விகிதத்தை அதனால் மேம்படுத்தவே முடியாது. மோசமான புகைப்படத்தைப் பெரிதாக பிரிண்ட் போட்டால் முகம் தெளிவாகிவிடுமா என்ன?

நகரத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பக்கத்திலேயே பலமான டிரான்ஸ்மிட்டர்கள் இருக்கும். பூஸ்டர் திணறிப் போய் இரண்டு ஸ்டேஷனைக் கலந்து, இல்லாத இடத்தில் மூன்றாவதாக ஒரு பேய் ஸ்டேஷனை உண்டாக்கும். ரேடியோ 3 கேட்க உட்கார்ந்தால் பின்னால் விளம்பரப் பாட்டு முனகும்.

"கேபிளில் இழப்பு ஆகிறதே, அதற்காவது வேண்டாமா?" என்பார்கள். நல்ல இரட்டைக் கவசம் போட்ட சாட்டிலைட் வகை 75 ஓம் கேபிளில் 100 மீட்டருக்கே சுமார் 6 டெசிபெல்தான் இழப்பு. பரணிலிருந்து வரவேற்பறைக்கு 15 மீட்டர் என்றால் 1 டெசிபெல். அதற்கா ஒரு கருவி, ஒரு பிளக், வருஷம் முழுக்க ஓடும் கரண்ட்? நாலைந்து அறைக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் அல்லது கேபிள் ரொம்ப நீளம் என்றால் மட்டும் பூஸ்டருக்கு வேலை உண்டு. அதையும் ஆன்டெனா பக்கத்திலேயே வைக்க வேண்டும். ரேடியோவுக்குப் பின்னால் வைப்பது வீண்.

கரண்ட் பற்றி ஒன்று. 2021 நவம்பரில் ஆர்வென் புயல் அடித்தபோது ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் ஆயிரக்கணக்கான வீடுகள் பல நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. பேட்டரி ரேடியோவின் அருமை அப்போதுதான் தெரியும். கம்பி மட்டும் உள்ள ஆன்டெனா அப்போதும் வேலை செய்யும். பூஸ்டர் போட்ட ஆன்டெனா கரண்ட் போன அந்த நொடியே படுத்துவிடும். செய்தி மிகவும் தேவைப்படும் நாளில்தான் இந்தக் கருவி லீவு எடுக்கும்.

சரி, எதைத்தான் வாங்குவது?

வாங்குவதற்கு முன்னால் ஒரு கையடக்க ரேடியோவை எடுத்துக்கொண்டு பரணில் ஏறிப் பார்ப்பது முதல் வேலை. (மரச் சட்டங்களின் மேல் மட்டும் கால் வைக்க வேண்டும். நடுவில் இருப்பது வெறும் பிளாஸ்டர் அட்டை, கால் நேராகக் கீழ் அறைக்குப் போய்விடும்!) ரேடியோவின் கம்பியைப் பாதி இழுத்துவிட்டு, பலவீனமான ஒரு ஸ்டேஷனை வைத்து மெதுவாக நகர வேண்டும். மூடிய இடத்தில் அலைகள் மோதி, ஓரிடத்தில் மேடாகவும் ஓரிடத்தில் பள்ளமாகவும் நிற்கும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே தூரம் ஏறக்குறைய கால் அலைநீளம், அதாவது 75 சென்டிமீட்டர்தான். ஆன்டெனாவை ஒரு எட்டு தள்ளி வைத்தாலே கதை மாறிவிடும் என்பதற்குக் காரணம் இது. கொண்டுபோய் ஏணிக்குப் பக்கத்தில் மாட்டுகிறவர் இதைச் சோதிப்பதே இல்லை.

கவனிக்க வேண்டிய எதிரிகளும் அங்கேயே உண்டு. கூரைச் சரிவில் அலுமினியத் தாள் ஒட்டிய வெப்பத் தடுப்பு இருந்தால் பரண் ஒரு தகரப் பெட்டி. அந்தப் பக்கமாக எந்த ஆன்டெனாவும் எடுக்காது. கோபுரத்தைப் பார்த்த கூரையில் சோலார் பலகை இருந்தாலும் அதே கதை. தகரத் தண்ணீர்த் தொட்டி, செம்புக் குழாய், மின் கம்பிகள் இவற்றிலிருந்து குறைந்தது ஒரு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். சீலிங்கில் பதித்த மலிவு எல்.ஈ.டி. விளக்குகள் இன்னொரு தொல்லை. விளக்கைப் போட்டால் இரைச்சல், அணைத்தால் அமைதி என்றால் குற்றவாளி ஆன்டெனா இல்லை.

இதெல்லாம் பார்த்தாயிற்று என்றால் தேர்வு ரொம்பச் சுலபம்.

கோபுரம் பக்கத்தில் இருக்கிறது, சிக்னல் நன்றாக வருகிறது என்றால் ட்யூனரோடு இலவசமாக வரும் 'டி' வடிவப் பட்டை ஒயரே போதும். அதுவும் ஒரு டைபோல்தான். சுருட்டி அலமாரிக்குப் பின்னால் போட்டால் பயனில்லை. இரு கையையும் நேராக விரித்து, கோபுரத்துக்குக் குறுக்காக மரச் சட்டத்தில் ஆணி அடித்துக் கட்ட வேண்டும். அது 300 ஓம் பட்டை ஒயர் என்பதால் 75 ஓம் கேபிளோடு சேர்க்க ஒரு சின்ன மாற்றி வேண்டும். காசு கொடுத்து வாங்கிய வளையத்தை இந்த இலவச ஒயர் தோற்கடிக்கும்.

கொஞ்சம் தூரம், ஸ்டீரியோவில் இரைச்சல் என்றால் மூன்று கம்பி யாகி. நீளமான கம்பி ஒன்றரை மீட்டர், நடுத்தண்டு ஏறக்குறைய ஒரு மீட்டர். சாதாரணப் பரணில் படுக்க வைக்க இடம் இருக்கும். அதைவிடப் பெரிய ஐந்து கம்பி, ஆறு கம்பி எல்லாம் கூரைக்கு மேல் வைக்க வேண்டியவை. பரணில் வைத்தால் மரமும் ஓடும் நெருக்கி அதன் குணத்தையே கெடுக்கும்.

கம்பிகளைப் படுக்க வைப்பதா, நிறுத்தி வைப்பதா என்று ஒரு குழப்பம் வரும். பி.பி.சி. 1955-ல் தொடங்கியபோது அலைகளைக் கிடைமட்டமாகத்தான் அனுப்பியது. பிற்பாடு கார் ரேடியோக்களுக்காகப் பெரிய கோபுரங்களில் செங்குத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். அதனால் படுக்க வைத்தால் பிழையில்லை. பரணில் அதுதான் வசதியும் கூட.

டிவி ஆன்டெனா கேபிளை ட்யூனரில் சொருகிவிட்டு "ஏதோ எடுக்கிறது" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டனில் டிவி சிக்னல் 470 மெகாஹெர்ட்ஸுக்கு மேல். அந்த ஆன்டெனாவின் கம்பிகள் ஒரு சாண் அளவு. 3 மீட்டர் அலைக்கு அது வெறும் ஒயர் துண்டு. எடுப்பது ஆன்டெனா இல்லை, கேபிளின் கவசம்!

எதிர்வாதங்கள்

"கூரைக்கு மேல் வைப்பதுதான் ஆன்டெனா, பரண் எல்லாம் சும்மா" என்று ஒரு கோஷ்டி உண்டு. கூரைக்கு மேலே நன்றாக எடுக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வாடகை வீட்டுக்காரரிடமும் மேல்மாடியில் பரண் உள்ள ஃபிளாட்காரரிடமும் இதைச் சொல்லி என்ன பயன்? கிடைத்த இடத்தில் சரியாக வைப்பதைச் சொல்லித் தருவதுதான் உதவி. நேர்ப் பார்வையில் 30, 40 கிலோமீட்டருக்குள் பெரிய கோபுரம் இருந்து, கூரை வெறும் ஓடாகவும் இருந்தால், பரணில் வைத்த டைபோல் பெரும்பாலான காதுகளைத் திருப்திப்படுத்தும்.

வளையத்துக்கு எங்குமே இடமில்லையா? உண்டு. இரண்டு கோபுரங்கள் எதிரெதிர்த் திசையில் இருந்து, இரண்டும் பலமாக வந்து, சுற்றிலும் மலையோ மாடிக் கட்டடமோ இல்லாத சமவெளி என்றால் வளையம் சரிதான். அப்படிப்பட்ட வீட்டுக்காரர் வாங்கட்டும். நாடு முழுக்க அதையே முதல் தேர்வாக நீட்டுவதுதான் அயோக்கியத்தனம்.

கடைசியாகப் பெரிய வாதம். "இன்டர்நெட்டில் ரேடியோ 3 வினாடிக்கு 320 கிலோபிட் தரத்தில் வருகிறது, டி.ஏ.பி. இருக்கிறது, இந்தக் காலத்தில் எஃப்.எம்.-க்குப் போய் பரண் ஏறுவானேன்?" இன்டர்நெட் ஒலி நன்றாகவே இருக்கிறது, அதை மறுக்க முடியாது. எஃப்.எம். 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அனுப்புவதும் இல்லை. ஆனால் எஃப்.எம்.-க்கு மாதச் சந்தா கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. யார் என்ன கேட்கிறார் என்று கணக்கெடுக்க முடியாது. மணி அடிக்கும் பீப் ஒலி சில விநாடி தாமதமாக வராது. 30 வருஷத்துக்கு முந்தைய ட்யூனரும் அப்டேட் கேட்காமல் ஓடுகிறது. ஒரே ஒரு கோபுரம், பல லட்சம் வீடு, எத்தனை பேர் கேட்டாலும் நெரிசல் இல்லை.

இங்கேதான் இந்த ஆன்டெனா விவகாரம் ஒரு குழாய்த் துண்டை விடப் பெரிதாகிறது. நார்வே 2017-ல் தேசிய எஃப்.எம். ஒலிபரப்பை நிறுத்தியது. பிரிட்டனில் அரசு நடத்திய ஆய்வு 2021-ல் எஃப்.எம். குறைந்தது 2030 வரையாவது தொடர வேண்டும் என்று சொன்னது. அதற்குப் பிறகு? எத்தனை பேர் இன்னும் கேட்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் முடிவு எடுப்பார்கள். வளையத்தையும் பூஸ்டரையும் நம்பி இரைச்சலைக் கேட்டுச் சலித்து ரேடியோவைத் தூக்கிப் போட்ட ஒவ்வொரு வீடும், தன்னையறியாமல் எஃப்.எம்.-க்கு எதிராக ஓட்டுப் போட்ட வீடு. அந்த ஓட்டு எஃப்.எம்.-இன் குறைக்காகப் போட்டது இல்லை. தப்பான ஆன்டெனாவின் குறைக்காகப் போட்டது. இதில் முதலில் அடிபடுவது வயதானவர்களும், வேகமான இன்டர்நெட்டுக்கு வழியில்லாதவர்களும், சமையலறையில் ஒற்றை ரேடியோவோடு நாளைக் கழிப்பவர்களும்தான்.

டிஜிட்டல் நல்லதா எஃப்.எம். நல்லதா என்று எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம். ஆனால் எஃப்.எம்.-க்குத் தீர்ப்பு எழுதும் முன்னால் அதை ஒரு தடவையாவது சரியான ஆன்டெனாவில் கேட்டிருக்க வேண்டும். கோடையில் ராயல் ஆல்பர்ட் ஹாலிலிருந்து ப்ராம்ஸ் கச்சேரி ரேடியோ 3-இல் நேரடியாக வரும். 1.45 மீட்டர் ஒயரை கோபுரத்துக்குக் குறுக்காகக் கட்டிவிட்டு அதில் ஒன்றைக் கேட்டுவிட்டு, அப்புறம் சொல்லட்டும் எஃப்.எம். செத்துவிட்டது என்று.